இடது கைச் சுட்டுவிரல்

கண்ணை மூடியே ஆகணும்னு இல்ல ருக்குமணி, மூடணும்னு தோணினா மூடிக்கங்க, தோணலைன்னா அப்படியே இருங்கன்னு டாக்டரம்மா சொல்றாங்க. இப்படிச் சொன்னா நான் என்னதான் பண்றது. மூடுன்னு சொல்லுங்க, மூடிக்கறேன். மூடாதேன்னு சொல்லுங்க, ஆந்தையாட்டம் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இத்தனை வயசுக்கு மேல ஒருத்தர் வந்து உன் இஷ்டம்னு சொன்னா, அந்த இஷ்டத்தை எந்த டப்பாவுல போட்டு வெச்சேன்னு இனிமேல்தான் தேடணும். சாய்ஞ்சு உக்கார்ற நாற்காலி நல்லாத்தான் இருக்கு, முதுகு முழுசும் பஞ்சுல இறங்குது, கால் வெச்சுக்கக்கூட ஒரு மணை. எங்க கம்பெனியில நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை, உக்காந்தா சூப்பர்வைசருக்குக் கண்ணு சிவந்துரும், அதனால இப்படி உக்காந்தாலே யாரோ திட்டப் போறாங்கன்னு கதவைத் திரும்பித் திரும்பிப் பாக்கறேன். கதவுக்கு வெளிய பெஞ்சுல மூணு பேர் இருக்காங்க. எங்க வூட்டுக்காரர், எங்கண்ணன் தங்கவேலு, அண்ணன் சம்சாரம் வளர்மதி நங்கையா. நங்கையா இன்னேரம் கதவையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அண்ணன் பாக்க மாட்டாரு. தலையைக் குனிஞ்சு செருப்பைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. கால் வீங்கி வீங்கி இப்ப எந்தச் செருப்பும் பத்தலை, வாரைக் கழட்டி விட்டுட்டுத்தான் போட்டிருக்காரு. ரெண்டு கிட்னியும் போயிருச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் மிஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வர்றாரு. அரசாங்க லிஸ்ட்டுல பேர் பதிஞ்சிருக்கு, அது எப்ப வரும்னு அந்த மாரியாத்தாளுக்குத்தான் தெரியும். அம்மாவுக்குச் சக்கரை, நங்கையாவுக்கு ரத்த வகை வேற, அப்புறம் வேற யாரு, தங்கச்சி ருக்குதான். ருக்கு குடுப்பா. ருக்குவுக்கு ரத்தம் பொருந்துது. ஆனா மிச்ச டெஸ்ட்டுக்குப் போனா ஊசியைப் பாத்ததும் ருக்கு மயங்கி விழுந்துர்றா. நர்ஸ் பிள்ளை கையில ரப்பரைக் கட்டறதுதான் தெரியும், அப்புறம் மூஞ்சியெல்லாம் தண்ணியா, யாரோ என் காலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. படுக்க வெச்சுக் குத்திப் பாத்தாங்க, கண்ணைக் கட்டிக் குத்திப் பாத்தாங்க, பிரஷர் கிடுகிடுன்னு இறங்கிப் போச்சுன்னு அவங்களே பயந்து விட்டுட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா எனக்கு ஊசி பயமே கிடையாது. யாழினியைப் பெத்தப்ப முதுகுத் தண்டுல ஊசி போட்டாங்க, நான் அந்த நர்ஸ்கிட்ட உங்களுக்கு எந்த ஊருன்னு விசாரிச்சுக்கிட்டு இருந்தேன். இந்த டெஸ்ட்டு ஆரம்பிச்சப்புறம் வந்த சனியன் இது. கோயமுத்தூர்ல ஹிப்னாடிசம்னு மயக்க வைத்தியம் பாக்கற டாக்டரம்மா ஒருத்தர் இருக்காங்க, பயத்தை எடுத்து விட்ருவாங்கன்னு ஆஸ்பத்திரிக்காரங்களே அனுப்பி வெச்சாங்க. இன்னைக்குப் பயம் போயிருச்சுன்னா உடனே டெஸ்ட்டு, அப்புறம் ஆபரேஷன். போகலைன்னா அண்ணனுக்கு ஆள் இல்ல. அவ்வளவுதான் விஷயம், அவ்வளவு பெரிய விஷயம்.

டாக்டரம்மா பேர் ஹெப்சிபா. நாகர்கோயில் பக்கமாம், பேச்சுல ஒரு இழுவை இருக்கு. வெள்ளைக் கோட்டு எல்லாம் இல்ல, சாதாரண காட்டன் சேலை, முந்தியில ஒரு நூல் விட்டுப் போயிருக்கு, உள்ள வந்ததும் என் கண்ணு அங்கதான் போச்சு. தொழில் புத்தி. கரூர்ல பெட்ஷீட்டும் திரைச்சீலையும் ஏத்துமதி பண்ற கம்பெனியில நான் செக்கிங் செக்‌ஷன். மேஜை மேல துணி ஓடிக்கிட்டே இருக்கும், ரெண்டு கையையும் அது மேல லேசா வெச்சுக்கிட்டு நிக்கணும். புதுசா வர்ற பிள்ளைங்க கண்ணால தேடும், கண்ணால தேடுனா பாதி தப்பிப் போயிரும். கைதான் முதல்ல நிக்கும். கை எதுக்கு நின்னுச்சுன்னு அப்புறம் குனிஞ்சு பாத்தா அங்க ஒரு முடிச்சோ, நூல் விட்டதோ இருக்கும். இதை நான் டாக்டரம்மாகிட்ட சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். அவங்க என்னமோ புதையல் கிடைச்ச மாதிரி நிமுந்து உக்காந்து, இன்னொரு தடவை சொல்லுங்கன்னாங்க. அப்புறம்தான் இந்த விரல் ஏற்பாடு. மயக்கத்துல வாய் பேசச் சோம்பல்படும், அதனால விரல் பேசட்டும். வலது கைச் சுட்டுவிரல் தூக்குனா சரி. இடது கைச் சுட்டுவிரல் தூக்குனா வேண்டாம். நீங்களாத் தூக்காதீங்க ருக்குமணி, அதுவாத் தூக்குனாத் தூக்கட்டும்னாங்க. அதுவான்னா எதுவாங்க, விரல் என்ன என்னைக் கேக்காமயா தூக்கப் போகுதுன்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவங்களும் சிரிச்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடி சிரிக்காம ஒண்ணு சொன்னாங்க. உங்க நங்கையா கொஞ்ச நேரம் முன்னால தனியா வந்து எங்கிட்ட ஒரு உதவி கேட்டாங்க, நீங்க மயக்கத்துல இருக்கும்போது, கிட்னி குடுக்கணும்னு மனசுல ஆழமாப் பதிய வெச்சு விட்ருங்கன்னு கேட்டாங்க, நான் மாட்டேன்னு சொல்லிட்டேன், இதை உங்ககிட்ட மறைக்கறது சரியில்ல, அதான் சொல்றேன். எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, நங்கையா மேல கோவம்கூட வரலை, பாவம் புருஷன் சாகக் கிடக்கறப்ப யாருக்குத்தான் புத்தி நேரா ஓடும், ஆனா ஒருத்தர் என் முதுகுக்குப் பின்னால நடந்ததை என் மூஞ்சிக்கு முன்னால கொண்டு வந்து வெச்சாங்களே, அது எனக்குப் பழக்கம் இல்ல. நான் ஊசி பயத்தைப் பத்தி மட்டும்தான் பேசுவேன், குடுக்கறதைப் பத்திக் கேக்கவும் மாட்டேன் சொல்லவும் மாட்டேன், விரல் வேண்டாம்னு சொன்னா அந்த நிமிஷமே நிறுத்திருவேன், சம்மதமான்னு டாக்டரம்மா கேட்டாங்க. சரிங்கன்னேன். நிறைய சரி சொல்றீங்க ருக்குமணின்னாங்க. சரிங்கன்னேன்.

இப்ப அந்தக் குரல் என் மேஜைக்கே வந்துருச்சு. ஒரு துணி ஓடுதுன்னு நினைச்சுக்கங்க, வெள்ளைத் துணி, முடிச்சு இல்ல, கறை இல்ல, நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம், கையை மட்டும் அது மேல வெச்சிருங்க, துணி ஓடட்டும். ஓடுது. நிஜமாவே ஓடுது. உள்ளங்கையில சின்னதா ஒரு சூடு. கண்ணு எப்ப மூடுச்சு, நான்தான் மூடுனேனா, சரி மூடியிருக்கட்டும். மேல ஃபேன் கரக் கரக்னு ஒரு இடத்துல சிக்கிச் சுத்துது, அதுக்கு எண்ணெய் விட்டா நல்லாயிருக்கும். எனக்கு இந்த வைத்திய மயக்கம் எல்லாம் வராது. இதை டாக்டரம்மாகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன், அவங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன். எட்டாவது படிக்கறப்ப பள்ளிக்கூடத்துக்கு மெஸ்மரிசம் காட்டற ஆள் ஒருத்தர் வந்தாரு. பளபளன்னு ஒரு கோட்டு, விரலுக்கு விரல் மோதிரம். யாராச்சும் ஒரு பாப்பா வாங்கன்னு என்னைத்தான் கை காட்டுனாரு. மேடையில நிக்க வெச்சு மூஞ்சிக்கு முன்னாடி கடிகாரத்தை ஆட்டுனாரு, தூங்கு தூங்குன்னாரு. எனக்கு ஒண்ணுமே ஆகலை. அந்த ஆளோட வாய்ல பாக்கு வாசனைதான் வந்துச்சு. அப்புறம் என் கையில ஒரு முழு வெங்காயத்தைக் குடுத்து, இது காஷ்மீர் ஆப்பிள், சாப்பிடும்மான்னாரு. கீழ பள்ளிக்கூடமே உக்காந்திருக்கு. ஹெட்மாஸ்டர் முன்வரிசையில நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. இது வெங்காயம்ங்கன்னு சொன்னா அந்த ஆள் என்ன ஆவாரு, இத்தனை பேர் முன்னால அவமானமாப் போயிருமே. நான் கடிச்சேன். நறுக்கு நறுக்குன்னு தின்னேன். எப்படி இருக்கு பாப்பான்னாரு. இனிப்பா இருக்குங்கன்னேன். என்னா கைதட்டல். கண்ணுல தண்ணியா ஊத்துது, மயக்கத்துல ஆனந்தக் கண்ணீருன்னு அவரே சொல்லிட்டாரு. கீழ இறங்கிக் குழாயடிக்கு ஓடுனேன், பின்னாலயே அண்ணன் வந்தாரு. அப்ப அவரு பத்தாவது. நீ மயங்கலைதான அம்மணின்னாரு. தலையை ஆட்டுனேன். அப்புறம் ஏன் தின்னே. தின்னச் சொன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை, குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு நின்னாரு, நான் வாய் கொப்புளிச்சு முடியற வரைக்கும். யார்கிட்டயும் சொல்லலை, வூட்டுல அத்தனை பேரும் ருக்கு எப்படி மயங்குனான்னு வாய் ஓயாமப் பேசுனப்பகூட அவரு சோத்துத் தட்டைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. அந்த வெங்காயம் இன்னும் என் நெஞ்சுல நிக்குது. சம்மதிக்கறேன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் அந்த வாசனை வரும், கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதம்தானன்னு கேட்டப்பகூட வந்துச்சு. எங்க வூட்டுக்காரர் நல்ல மனுசன்தான், அது வேற விஷயம்.

இன்னும் கொஞ்சம் கீழ போகலாம், போக வேண்டாம்னு தோணினா இங்கயே நிக்கலாம்னு குரல் சொல்லுது. எங்கயோ ஒரு தப்பட்டை அடிக்குது. இல்ல, அது என் காதுக்குள்ள நெஞ்சு அடிக்கற சத்தம். தப்பட்டைதான். மாரியாத்தா பண்டிகைக்குக் கோயில்ல நட்ட கம்பத்தைப் பிடுங்கி ஆத்துல விடக் கொண்டு போற நாள். எங்கம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஓரமா நிக்கறா. எங்கம்மா சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல. மாமனார் மாமியாருக்குப் போட்டு, புருஷனுக்குப் போட்டு, எங்களுக்குப் போட்டு, கடைசியில சட்டியோட அடியில ஒட்டுனதை வழிச்சுத் தின்னுட்டுப் பாத்திரம் கழுவற பொம்பளை. தப்பட்டை ஒரு வேகத்துக்கு வந்ததும் அம்மாவோட பாதம் முதல்ல நடுங்கும். அப்புறம் முழங்கால். அப்புறம் தலை அவுந்து கண்ணு மேல போயிரும். சாமி வந்துருச்சுன்னு கூட்டம் விலகும். அப்ப வரும் பாருங்க ஒரு குரல், அந்த ஒல்லி உடம்புக்குள்ள அந்தக் குரலை எங்க வெச்சிருந்தாளோ. எங்க தாத்தாவை, அவளோட மாமனாரை, நேராப் பாத்து விரலை நீட்டி, எனக்குப் பசிக்குதுடான்னா. டா போட்டு. எனக்கு முதல்ல சோறு போடுடான்னா. அந்த மனுசன் மீசை நடுங்க ஓடுனாரு. வாழை இலை போட்டு, பொங்கல் வெச்சு, ஊரே கை கட்டிச் சுத்தி நிக்க, எங்கம்மா எல்லாருக்கும் முன்னாடி உக்காந்து சாப்பிட்டா. நான் அப்பாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இப்ப நினைச்சாலும் புல்லரிக்குது, இந்த நாற்காலியில கைமயிர் எந்திரிச்சு நிக்கறது தெரியுது. மறுநாள் காலையில அம்மா எப்பவும் போல அடுப்படியில. நேத்து நீ சொன்னது ஞாபகம் இருக்காம்மான்னு கேட்டேன். நான் என்ன சொன்னேன்னுட்டு அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. வாய் ஓரத்துல ஏதோ ஒண்ணு இருந்துச்சு, சிரிப்பா என்னன்னு சொல்லத் தெரியலை. அன்னைக்கு சோறு கேட்டது மாரியாத்தாளா எங்கம்மாவா. இத்தனை வருசமா எனக்குத் தெரியலை. எனக்குச் சாமியும் வந்ததில்ல. நான் நின்னு நின்னு பாத்திருக்கேன், தப்பட்டைக்குப் பக்கத்துலயே போய் நின்னு பாத்திருக்கேன், என் கால் ஆடுனதே இல்ல.

கை இருக்கா இல்லையான்னு தெரியலை. துணி ஓடுது, துணிதான் இருக்கு, கை எங்க. குரல் இப்ப டாக்டரம்மா வாயில இருந்து வரலை, என் காதுக்குள்ள இருந்தே வருது, இது பயமா இருக்கணும், இல்ல. கூடத்துல எல்லாரும் உக்காந்திருக்காங்க. அண்ணன் வூடு. நான் அடுப்படியில காபி ஆத்திக்கிட்டு இருக்கேன், பேச்சு மட்டும் வருது. யாழினி காதுகுத்துக்கு மாமன் எப்படிச் சீர் கொண்டு வந்தாருன்னு யாரோ சொல்றாங்க. ஆமா கொண்டு வந்தாரு, தட்டுத் தட்டாக் கொண்டு வந்தாரு, பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு, ஆசாரி காது குத்தறப்ப அது வீல்னு கத்துன கத்துக்கு அவருதான் அழுதாரு. அந்த மாமனுக்குத் தங்கச்சி செய்ய மாட்டாளாங்கறாங்க. ருக்கு குடுப்பான்னு எங்க வூட்டுக்காரர் குரல். ஏதோ நாத்து குடுக்கற மாதிரி. நான் தட்டுல டம்ளரை வெச்சுக்கிட்டு வெளிய வர்றேன், எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நங்கையா ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவறாங்க, டம்ளரெல்லாம் ஆடுது, காபி சிந்துது. காபி ஆறுது, எல்லாரும் குடிங்கன்னேன். அதான் நான் சொன்னது. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் சொல்லலை. உடனே எல்லாரும் காபி குடிச்சாங்க, ஒரு பெருமூச்சு விட்டாங்க, ருக்கு ஒத்துக்கிட்டான்னு அன்னைக்குச் சாயந்தரமே சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போயிருச்சு. அண்ணன் காபி குடிக்கலை, அவருக்குத் தண்ணிகூட அளந்துதான் குடுக்கணும். தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா. அவரும் கேக்கலை, இன்னைக்கு வரைக்கும் கேக்கலை. கேட்டிருந்தா, கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன், சரிங்ணான்னு சொல்லியிருப்பேன். ருக்குமணி. குரல் கூப்பிடுது. ஒரே ஒரு கேள்வி, பதிலை நீங்க தேட வேண்டாம், விரல் பாத்துக்கும். இந்த ஊசி பயம் உங்களை விட்டுப் போகலாமா. போகலாம். போகட்டுங்க, அதுக்குத்தான வந்தோம். வலது விரல் தூக்கு. தூக்குடி. அது செத்தது மாதிரி கிடக்கு. சரி சரி, பொறு, அண்ணன் வெளிய உக்காந்திருக்காரு, தூக்கு. அப்பத்தான் எங்கயோ ரொம்ப தூரத்துல, என் உடம்போட அந்தப் பக்கத்துல, ஏதோ அசையுது. நான் அசைக்கலை. சத்தியமா நான் அசைக்கலை. யாரோ உள்ள இருந்து நூலைப் பிடிச்சு மெதுவா இழுக்கற மாதிரி, நடுங்கி நடுங்கி, இடது கைச் சுட்டுவிரல் மேல வருது.

அமுக்கிப் பாக்கறேன், அமுங்கலை. கல்லு மாதிரி நிக்குது. இருவது வருசமா அந்த விரலால துணி தடவியிருக்கேன், கோலம் போட்டிருக்கேன், யாழினிக்கு மை வெச்சு விட்டிருக்கேன், என் விரல்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அது யாரோடதோ. அய்யோ, உள்ள ஒருத்தி இருக்கா. என் கூடவே தின்னு என் கூடவே தூங்கி, ஒரு வார்த்தை பேசாம இத்தனை நாள் இருந்திருக்கா. நான் காபி குடிங்கன்னு சொன்னப்ப அவ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. நர்ஸ் ரப்பர் கட்டறப்பெல்லாம் என்னைத் தரையில தள்ளுனது யாரு, அவதான். நான் வாயைத் திறக்க மாட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டு, வேற வழி இல்லாம, உடம்பையே இழுத்துக் கீழ போட்டிருக்கா. இது ஊசி பயமா. இல்லவே இல்ல. கை நின்னிருச்சு ருக்கு, கை நின்னிருச்சு, நீதான் குனிஞ்சு பாக்கலை. எங்கம்மாவோட பாதம் நடுங்குனது மாதிரி என் விரல் நடுங்குது, எனக்கு அழுகையா வருது, பயத்துல இல்ல, எதைப் பாத்துக் கும்பிடறதுன்னு தெரியாம ஒரு சன்னதியில நிக்கற மாதிரி இருக்கு. சாமி வராதுன்னு நினைச்சேனே, வந்துருச்சு, அது சாமியே இல்ல, நான்தான். அப்புறம் திக்குன்னு ஆச்சு. டாக்டரம்மா பாத்துட்டாங்க. இப்ப என்ன பண்ணுவாங்க. நான் இப்படி வாயில்லாமக் கிடக்கறேன், கதவெல்லாம் திறந்து கிடக்கு, அவங்க என்ன வேணும்னாலும் உள்ள கொண்டு வந்து வெச்சுட்டுப் போகலாம். பரவாயில்ல ருக்குமணி, உங்க அண்ணனுக்காகன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், விரல் இறங்கிரும், எனக்குத் தெரியும், இத்தனை நாள் எல்லாம் அப்படித்தான் இறங்கியிருக்கு. ஃபேன் கரக்குன்னு ஒரு சுத்து சுத்துச்சு. சரிம்மா, வேண்டாம்னா வேண்டாம், அந்தப் பயம் இருக்கட்டும், நான் அதைத் தொடலைன்னு அந்தக் குரல் சொல்லுச்சு. அவ்வளவுதான். நிறுத்திட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்லி ஒருத்தர் நிறுத்துனது இதுதான் முதல் தடவை. மூடுன கண்ணுக்குள்ள இருந்து தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போச்சு, துடைக்கக் கை வரலை.

மெதுவா மேல வாங்க, அவசரம் இல்லன்னாங்க. வந்தேன். முதல்ல ஃபேன் வந்துச்சு, அப்புறம் நாற்காலி, அப்புறம் என் கால், கடைசியில கை. இடது விரலை மடக்கி நீட்டிப் பாத்தேன், சொன்ன பேச்சைக் கேட்டுச்சு, ஆனா நான் அதை முன்ன மாதிரிப் பாக்கலை. டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாங்க. அப்புறம், நடந்தது எல்லாம் உங்களோடது, வெளியில நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாங்க. உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, நீங்க விரும்பினா ஆஸ்பத்திரியில இருந்தே உங்க உடம்பு இதுக்கு ஒத்து வராதுன்னு மட்டும் சொல்லிருவாங்க, காரணம் யாருக்கும் தெரியாது, உங்க மேல ஒரு சொல் வராது, குடுக்க வர்றவங்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு உண்டுன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. நெஞ்சுல இருந்து ஒரு மூட்டை இறங்குன மாதிரி. வளர்மதி நங்கையா அழுவாங்க, எங்க வூட்டுக்காரர் தலையில அடிச்சுக்குவாரு, பாவம் ருக்கு ஆசைப்பட்டா, உடம்பு விடலைன்னு ஊர் பேசும், தீந்துச்சு. சரிங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். வெங்காய வாசனை. குப்புன்னு மூக்குல ஏறுச்சு. எங்கம்மா பசியை மாரியாத்தா தலையில போட்டா. நான் வேண்டாங்கறதை ஊசி தலையில போட்டேன், இப்ப ஆஸ்பத்திரி தலையில போடப் போறேன். எங்கம்மாவுக்கு வேற வழி இல்ல. எனக்கு இருக்கா. அண்ணன் ஏன் எங்கிட்டக் கேக்கலைங்கறது மட்டும் ஈறுல சிக்குன நார் மாதிரி அறுத்துக்கிட்டே இருக்கு. யோசிச்சுச் சொல்றேங்கன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னேன். இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லாத வார்த்தை அது. அவங்க சிரிச்சாங்க. கதவு வரைக்கும் நடந்தேன், விழுந்துருவோம்னு தோணலை.

கதவைத் திறந்ததும் நங்கையா எந்திரிச்சுட்டாங்க. "என்னாச்சு ருக்கு, சரியாப் போச்சா? பயம் போயிருச்சா?" அவங்களைத் தாண்டிப் போய் அண்ணன் பக்கத்துல பெஞ்சுல உக்காந்தேன். அவரு மேல அந்த மருந்து வாசனை. கையில தண்ணி பாட்டில், மூடியளவுதான் குடிக்கணும், குடிக்காம வெச்சுக்கிட்டே இருந்தாரு. "அண்ணா, நீங்க ஏன் எங்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலை?"ன்னேன். அவரு செருப்பைப் பாத்தாரு. "கேட்டா நீ சரின்னு சொல்லிருவே அம்மணி"ன்னாரு. "வெங்காயத்தைத் தின்னுட்டு இனிப்பா இருக்குன்னவதான நீ. உன் வாயை நம்பி நான் எப்படிக் கேக்கறது." அந்தக் குழாயடியை அவரும் மறக்கலை. "அப்ப நீங்களே வேண்டாம்னு தடுத்திருக்கலாமே"ன்னேன். பாட்டில் மூடியைத் திருகிக்கிட்டே, "உசுர் மேல ஆசை அம்மணி. தடுக்கவும் மனசு வரலை"ன்னாரு. எனக்கு அவரு மேல ஒரு பிரியம் பொங்கிக்கிட்டு வந்துச்சு, இத்தனை பேர்ல உண்மையைச் சொன்னவரு இவருதான். "இப்பக் கேளுங்க"ன்னேன். "என்னத்தைக் கேக்கறது, அதான் எல்லாம் பேசி முடிச்சாச்சே"ன்னு எங்க வூட்டுக்காரர் கிட்ட வந்தாரு. அண்ணன் பாட்டிலைக் கீழ வெச்சுட்டு, அவரைப் பாக்காமயே, இருங்க மாப்ளன்னு கையைக் காட்டுனாரு. முதல் தடவையா என் மூஞ்சியைப் பாத்தாரு. கண்ணு ரெண்டும் வீங்கி, வெளுத்துப் போயி, உள்ள அந்தப் பத்தாவது படிச்ச பையன் அப்படியே உக்காந்திருந்தான். "உன் கிட்னியை எனக்குக் குடுக்கறியா அம்மணி?" நான் மடியில கிடந்த என் ரெண்டு கையையும் பாத்தேன். எந்த விரலும் அசையலை. இடதும் இல்ல, வலதும் இல்ல. உள்ள இருக்கறவ இதுக்கு மேல நீயே பாத்துக்கன்னு என் வாய்க்கே விட்டுட்டா. சரிங்கறது நாக்கு நுனியில தயாரா நின்னுச்சு, பழகுன நாய் மாதிரி. நான் அதை விடலை. காத்துக்கிட்டு இருந்தேன். நடைபாதையில யாரோ வீல் சேரைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. "வேண்டாங்ணா"ன்னேன். நங்கையா நெஞ்சுல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, ஏய் ருக்குன்னு எங்க வூட்டுக்காரர் சொன்னது எங்கயோ கேட்டுச்சு. அண்ணன் அசையலை. திரும்ப அந்தச் செருப்பையே பாத்தாரு. அப்புறம் மிஷினுக்காக நரம்பைச் சேத்துத் தெச்சு வெச்ச அந்தக் கை மெதுவா வந்து என் இடது கை மேல உக்காந்துச்சு, மணிக்கட்டுல தோலுக்கு அடியில ரத்தம் மோட்டார் மாதிரி விர்ருனு ஓடறது என் விரலுக்குத் தெரிஞ்சுச்சு. "சரி அம்மணி"ன்னாரு. கையை அவரும் எடுக்கலை, நானும் எடுக்கலை.